ஒரு குளியலுக்கு மட்டும்

கோகந்த் சந்தையில் பெண்ணின் தலைமுடி கிராம் முப்பதாயிரம் சோம். இரண்டு முழத்துக்குக் குறையக் கூடாது, நரை கூடாது, சாயம் தொட்டிருக்கவே கூடாது. இந்த மூன்று லட்சணமும் பொருந்திய பின்னல் ஒன்று மஸ்தூரா வீட்டுப் பெட்டிக்குள் இருந்தது. எடை இருநூற்று இருபது கிராம். ஆக அறுபத்தாறு லட்சம். போன வசந்தத்தில் முடி வியாபாரி ஹாஷிம் அந்த விலையைச் சொல்லிக்கொண்டு வாசலுக்கு வந்தபோது, மஸ்தூரா கையிலிருந்த துடைப்பத்தைத் திருப்பிப் பிடித்தாள். அவர் அடுத்த விலை சொல்லவில்லை. இறந்துபோன மகளின் பின்னல் அது.

புதன்கிழமை, காலை 9.20.

அந்தப் பின்னல் இப்போது முவத்தரின் கடைப் பலகை மேல் ஓர் எனாமல் கிண்ணத்தில் கிடந்தது. கிண்ணத்துத் தண்ணீர் மை கரைத்ததுபோல் கறுத்திருந்தது. வெளியே நவம்பர் மழை. தகரக் கூரையிலிருந்து ஒழுகி, சோப்பு வரிசை முழுக்கச் சேறு.

“பாரு,” என்றாள் மஸ்தூரா. “உன் ஷாம்பு என் பிள்ளையோட முடியைத் தின்னுடுச்சு.”

அவள் கத்தவில்லை. கத்தியிருந்தால் முவத்தருக்குப் பதில் சொல்வது சுலபமாக இருந்திருக்கும்.

முவத்தர் முப்பத்தொரு வருஷம் சோப்பு ஆலையின் சோதனைக்கூடத்தில் வேலை பார்த்தவள். ஆலையை மூடிய பிறகு சந்தையில் கடை போட்டாள். சரக்கு மற்றக் கடைகளில் இருப்பதுதான். ஆனால் புட்டியின் முன்பக்கத்தை எல்லாரும் விற்பார்கள். பின்பக்கத்துப் பொடி எழுத்தைப் படித்துச் சொல்ல இவள் ஒருத்திதான். சொறி பிடித்த தலை, கொட்டுகிற முடி, புதிதாகச் சாயம் பூசிய கல்யாணப்பெண், எல்லாரும் இவளிடம்தான் வருவார்கள். இத்தனை வருஷத்தில் அவள் விற்ற சரக்கைத் திருப்பிக் கொண்டுவந்து வைத்தவர்கள் இல்லை.

திங்கட்கிழமை மஸ்தூரா இதே பலகைக்கு முன்னால் நின்றதை அவள் மறக்கவில்லை. வந்ததும் வராததுமாக, பள்ளிக்கூடத்துப் பிள்ளை பாடம் ஒப்பிப்பதுபோல் விரல் மடக்கிச் சொன்னாள்: சல்ஃபேட் இல்லாத ஷாம்பு வேண்டும், குளிர்ந்த தண்ணீர்தான் ஊற்ற வேண்டும், கசக்கக் கூடாது, வெயிலில் காயவைக்கக் கூடாது. வீட்டில் ஆளுக்கொன்று சொல்கிறார்கள், தனக்கு இதுதான் சரி என்று பட்டது என்றாள்.

முவத்தர் மூன்று புட்டிகளை எடுத்துப் பார்த்தாள். முதலாவது துருக்கிச் சரக்கு. முன்னால் மாதுளம்பழமும் பச்சை இலையும். பின்னால் இரண்டாவது பெயரே சல்ஃபேட் என்று முடிந்தது. “முன்னால தோட்டம், பின்னால சலவைத்துறை” என்று அதை ஒதுக்கினாள். இரண்டாவதில் சல்ஃபேட் இல்லை என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. ஆனால் அதே வேலையை அதே முரட்டுத்தனத்தோடு செய்கிற பங்காளி ஒருத்தன் வேறு பெயரில் உள்ளே உட்கார்ந்திருந்தான். மூன்றாவதுதான் தேறியது. தேங்காயெண்ணெயிலிருந்து எடுத்த சாதுவான கழுவிகள், வாசனை கூடக் கிடையாது. விலை எண்பத்தைந்தாயிரம்.

அட்டையில் செம்பட்டை முடிக்காரி ஒருத்தி சிரித்தாள். சாயம் போட்ட முடிக்கு என்று போட்டிருக்கிறதே என்று மஸ்தூரா கேட்டாள். சாயம் போடாத முடிக்கும் இதனால் கெடுதல் இல்லை, ஆனால் நுரை அதிகம் வராது என்று முவத்தர் சொன்னாள். மஸ்தூரா காசை எண்ணி வைத்தாள். “என் மகன் குடுத்த காசு. ரஷ்யாவுலேருந்து வெறுங்கையோட வந்தான்னு தெருவே சிரிச்சுது. இப்ப அறுபது கிலோ அரிசி வந்து இறங்கியிருக்கு, மாட்டுக்கு முன்பணம் போயிருக்கு. சிரிச்ச வாயெல்லாம் வெள்ளிக்கிழமை வந்து சாப்பிடட்டும்.”

வெள்ளிக்கிழமை, இறந்துபோன மகள் நிகினாவின் வருஷ ஃபாத்திஹா, ஊருக்குச் சோறு போட்டு ஓதும் நாள்.

நிகினாவுக்கு முப்பத்தொரு வயது. ரத்தத்தில் நோய். தாஷ்கந்தில் மருந்து ஏற்றும் முன்பே, முடி கொட்டத்தான் போகிறது என்று தானே போய்ப் பின்னலை வெட்டிக்கொண்டு வந்து தாயிடம் கொடுத்தாள். குணமானதும் இதிலேயே விக் செய்துகொள்ளலாம் என்றாள். செய்துகொள்ளவில்லை. சாவுச் செய்தி வந்த அன்று மலைக் கணவாயில் பனி விழுந்து வண்டி நின்றுவிட்டது. மஸ்தூரா போய்ச் சேர்வதற்குள் யாரோ குளிப்பாட்டி, யாரோ கஃபன் துணி சுற்றி, ஊருக்குக் கொண்டுபோக ஆயத்தமாக வைத்திருந்தார்கள். மகளின் உடம்பில் அவள் ஒரு செம்புத் தண்ணீர் ஊற்றவில்லை.

முடியையும் மண்ணுக்குத்தான் கொடுக்க வேண்டும் என்று இமாம் சொல்லியிருந்தார். வெள்ளிக்கிழமை காலை ஆண்கள் புலாவ் சாப்பிட்டு எழுந்ததும், மகன் இல்ஹாம் பின்னலைக் கொண்டுபோய் அக்காவின் கபரில் புதைப்பதாக ஏற்பாடு. கபரஸ்தானுக்குப் பெண்கள் போவதில்லை. ஆகவே மஸ்தூராவுக்கு மிச்சம் இருந்தது ஒன்றே ஒன்று: அதற்கு முன்னால் அந்தப் பின்னலைக் குளிப்பாட்டுவது.

“எப்படிக் கழுவினீங்க? முதல்லேருந்து சொல்லுங்க.”

“விடிஞ்சதும். நீ சொன்னபடி குளிர்ந்த தண்ணி. உன் ஷாம்புவை ஊத்தினேன். நுரையே வரல.”

“சொன்னேனே அக்கா.”

“சொன்னே. ஆனா நுரைக்காம என் பிள்ளையைக் குளிப்பாட்டுறதா? மருமக வெந்நீர் கொண்டாந்தா. பழுப்புச் சலவைக் கட்டியை எடுத்துக் குடுத்தா. ரெண்டு தேய்ப்புதான் தேய்ச்சேன். தண்ணி இப்படி ஆயிடுச்சு.” மஸ்தூரா கிண்ணத்தைப் பார்க்காமல் பேசினாள். “நான் பேச்சைக் கேக்காம சோப்பு போட்டது தப்பா? அவ அழுவுறாளா?”

முவத்தர் கிண்ணத்தைத் தன் பக்கம் இழுத்தாள். பின்னலை எடுத்துத் துண்டில் ஒற்றினாள். நூல் சுற்றி இறுக்கிய வெட்டுமுனையைத் தளர்த்தி, அங்கிருந்து ஒரு முடியை உருவித் துடைத்தாள். கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்து, முன்னும் பின்னுமாக மெல்லத் தேய்த்தாள். முடி ஊர்ந்து மேலே ஏறியது. இரண்டாவதை அதேபோல் பிடித்துத் தேய்த்தாள். அது கீழே இறங்கியது. மூன்றாவது மேலே. நான்காவது, ஐந்தாவது கீழே.

“அக்கா, உக்காருங்க.” தன் முக்காலியைத் தள்ளினாள். “முடிக்கு மீன் மாதிரி செதில் இருக்கு. விரல்ல வெச்சுத் தேய்ச்சா எப்பவும் வேர்ப் பக்கமாத்தான் நடக்கும். ஒரே தலையிலேருந்து கத்தரிச்ச பின்னல்ல எல்லா முடியும் ஒரே பக்கம் நடக்கணும். இது ஆளுக்கொரு பக்கம் நடக்குது. சீப்புல சிக்கினது, வடிகால்ல அடைச்சது, பத்துப் பேர் தலையிலேருந்து பொறுக்கிச் சாயம் தோய்ச்சுப் பின்னினது. இது நிகினாவோட முடியே இல்ல.”

மஸ்தூராவின் முகத்தில் முதலில் தெரிந்தது நிம்மதி. மகளின் முடியைத் தான் கெடுக்கவில்லை. அந்த நிம்மதி இரண்டு மூச்சுக்கு மேல் நிற்கவில்லை.

“அப்ப அவ எங்கே?”

போலீசுக்குப் போவோம் என்று முவத்தர் சொன்னதை அவள் காதில் வாங்கவில்லை. வெள்ளிக்கிழமைக்குள் வேண்டும், யார் என்று தெரிந்தால் முதலில் தன்னிடம்தான் சொல்ல வேண்டும், இரண்டுக்கும் முவத்தரிடம் வாக்கு வாங்கிக்கொண்டுதான் எழுந்தாள்.

எப்போது மாறியிருக்கும் என்பதில் குழப்பம் இல்லை. சனிக்கிழமை அவள் பெட்டியைத் திறந்து பின்னலை முகர்ந்து பார்த்திருக்கிறாள்; மகளின் வாசனை இருந்தது. பெட்டியின் மேல் ஆள் உயரத்துக்கு மெத்தை அடுக்கியிருக்கும், சும்மா திறக்க முடியாது. ஞாயிற்றுக்கிழமை விருந்துக்காக வீட்டை வெள்ளையடித்து, மெத்தைகளை முற்றத்தில் உதறிப் போட்டார்கள். அன்று வீட்டில் இருந்தவர்கள் நால்வர். மகன் இல்ஹாம், மருமகள் ஹுமைரா, நிகினாவின் புருஷன் தில்முராத், சினேகிதி லோலா. அதற்குப் பிறகு மஸ்தூரா பின்னலை எடுத்தது புதன்கிழமைதான். மடித்த துணியோடு, முகர்ந்து பார்க்காமலே, கிண்ணத்துக்குப் போனது.

“மாப்பிள்ளைதான்,” என்றாள் மஸ்தூரா. “இந்த மாசக் கடைசியில மறு கல்யாணம். பழையவளோட முடி அவனுக்கு எதுக்கு?”

காலை 10.45.

லோலா அழகு நிலையம் வைத்திருந்தாள். நாற்காலியில் ஒருத்தி தலையில் காகிதம் சுற்றி உட்கார்ந்திருந்தாள். சுவரில் ஒட்டுமுடிகள் நிறவாரியாகத் தொங்கின. நிகினாவின் பின்னலை வெட்டியது இவள்தான், எடை போட்டதும் இவள்தான். வாங்கவும் விற்கவும் வழி தெரிந்தவள். முவத்தர் அந்த ஒட்டுமுடிகளைப் பார்த்த பார்வை அவளுக்குப் புரிந்துவிட்டது.

“அத்தை, திருடுறதுன்னா வெட்டின அன்னிக்கே இருபது கிராம் எடுத்திருப்பேன். எடை எழுதினதே நான்தானே.”

“நீ கெட்டிக்காரின்னு தெரியும். மஸ்தூரா அக்காவுக்கு என்ன ஷாம்பு சொன்னே?”

“குழந்தைங்களுக்குப் போடுறது ஏதாவது போதும்னேன். பன்னண்டாயிரம் சோம்.”

“சல்ஃபேட் இல்லாததுன்னு சொல்லலையா?”

லோலா அவளை ஒரு மாதிரியாகப் பார்த்தாள். “நீங்களா கேக்குறீங்க? அது சாயம் பூசின தலைக்கு. நேராக்கின தலைக்கு. இல்லன்னா தோல் புண்ணாகிற தலைக்கு. பொறந்ததிலேருந்து சாயமே படாத முடி, அதுவும் தோலே இல்லாம வெட்டி எடுத்தது, அதுக்கு ஒரே ஒரு குளியல். பாத்திரம் துலக்குறதைப் போட்டாக் கூட ஒண்ணும் ஆகாது.”

முவத்தர் சேற்றில் இறங்கி நடந்தாள். முப்பத்தொரு வருஷம் சோதனைக்கூடத்தில் இருந்தவளுக்கு, ஒரு சிகை அலங்காரக்காரி பாடம் எடுத்துவிட்டாள். திங்கட்கிழமை மஸ்தூரா கேட்டபோதே கேட்டிருக்க வேண்டிய கேள்வி. மண்ணுக்குப் போகிற முடிக்கு, சாயம் காக்கிற ஷாம்பு எதற்கு? அவள் கேட்கவில்லை. எண்பத்தைந்தாயிரத்தை வாங்கி டப்பாவில் போட்டாள்.

அந்த ஷாம்பு பின்னலுக்காக அல்ல. சாயத்துக்காக. ஒரே ஒரு குளியலைத் தாங்கினால் போதும், பிறகு எல்லாவற்றையும் மண் மூடிவிடும். அந்தப் பாடத்தை மஸ்தூராவுக்கு ஒப்பித்தவர் யாரோ, அவருக்குப் பெட்டியில் இருந்தது சாயமுடி என்று தெரிந்திருந்தது.

நேராக மஸ்தூராவிடம் போய் ஒரு வார்த்தை கேட்டால் முடிந்தது. அந்தப் பெயரை ஒரு தாயின் வாயால் சொல்லவைக்க மனம் வராமல், முவத்தரின் கால்கள் வண்டி நிறுத்தத்தின் பக்கம் திரும்பின.

காலை 11.30.

தில்முராத் தன் சின்ன வேனுக்குள் உட்கார்ந்து ரொட்டியைத் தேநீரில் தோய்த்துத் தின்றுகொண்டிருந்தான். விஷயத்தைச் சொன்னதும் ரொட்டி கையிலேயே நின்றது. மாமியார் தன்னைத்தான் சந்தேகப்படுவாள் என்று அவனே சொன்னான். ஹாஷிம் தன்னிடமும் இரண்டு தடவை கேட்டதை மறைக்கவில்லை.

“கல்யாணம் பண்ணிக்கிறது தப்பா அத்தை? பொண்ணுக்கு ஏழு வயசு. அவளுக்குத் தலை வாரிவிட எனக்குத் தெரியல.”

“தப்புன்னு யார் சொன்னா. ஞாயித்துக்கிழமை முடியைக் கழுவுற பேச்சு வந்துச்சா?”

“வந்துச்சு. நிகினா எப்பவும் சலவைக் கட்டியால தேய்ச்சுக் குளிச்சு, அப்புறம் தயிர் தடவுவா. அதேமாதிரி செய்ங்கன்னேன். அவளுக்கு அதுதான் பிடிக்கும்.” அவன் ஜன்னலுக்கு வெளியே பார்த்தான். “ஏன், தப்பா சொல்லிட்டேனா?”

“இல்ல தம்பி. நீதான் சரியாச் சொன்னே.”

சாயமுடி என்று தெரிந்தவன் வாயிலிருந்து சலவைக் கட்டி என்ற சொல் வராது.

பிற்பகல் 12.40.

மஸ்தூராவின் வீட்டில் அக்கம்பக்கத்துப் பெண்கள் எட்டுப் பேர் சாக்கை விரித்து அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தார்கள். கேரட் ஒரு மூலையில் மலையாகக் குவிந்திருந்தது. மருமகள் ஹுமைரா தேநீர் ஊற்ற வந்தாள். காலையில் வெந்நீரும் சலவைக் கட்டியும் கொடுத்தது ஏன் என்று முவத்தர் தாழ்ந்த குரலில் கேட்டாள்.

“மாமி அழுதுட்டு இருந்தாங்க, நுரை வரலன்னு. எனக்கு வேற என்ன செய்யத் தெரியும்?” அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். “அவர் வந்து என்னைத் திட்டினார். சோப்பு எதுக்குக் குடுத்தேன்னு. இதுவரைக்கும் அப்படித் திட்டினதே இல்ல.”

மூன்று பேர் கணக்கிலிருந்து கழிந்தார்கள். ஒருத்தி பன்னிரண்டாயிரத்துக் குழந்தை ஷாம்பு, ஒருத்தன் சலவைக் கட்டி, ஒருத்தி அந்தக் கட்டியையே கையில் எடுத்துக் கொடுத்தவள். முவத்தர் தேநீரைக் குடித்தாள். பொறுக்கிய அரிசி எதிரில் சிவப்பாகக் குவிந்துகொண்டே போனது. நல்ல அரிசி. கிலோ இருபதாயிரத்துக்குக் குறையாது. ரஷ்யாவிலிருந்து வெறுங்கையோடு வந்தவன் வாங்கிப் போட்டது.

எட்டு வருஷம் வெளியூரில் இருந்தவனுக்கு எல்லாம் நினைவிருந்தது. தாய் கழுவாமல் விடமாட்டாள் என்பது நினைவிருந்தது. அதனால்தான் கழுவவேண்டாம் என்று சொல்லிப் பார்க்கவில்லை, ஷாம்புக்குக் காசு கொடுத்தான். நுரை பொங்காவிட்டால் அவளுக்கு அது குளியலே இல்லை என்பதை மட்டும் மறந்துவிட்டான். தெருவில் எந்தப் பொடியனைக் கேட்டாலும் சொல்லியிருப்பான்.

பிற்பகல் 1.30.

நகைக் கடைகளுக்குப் பின்னால் ஹாஷிமின் அறை. மேசை மேல் ஒரு மின்தராசு, சீப்புகள், கொக்கிகள். முவத்தர் அவரிடம் எதையும் விசாரிக்கவில்லை. அண்ணன் மகளுக்குக் கல்யாணம், கறுப்புச் சாயமுடி வேண்டும், மலிவாக இருந்தால் போதும் என்றாள். அவர் ஒன்றை எடுத்துப் போட்டார்.

“எப்படிக் கழுவணும்?”

ஹாஷிம் விரல் மடக்கினார். “சல்ஃபேட் இல்லாத ஷாம்பு. குளிர்ந்த தண்ணி. கசக்கக் கூடாது. வெயிலில் காயவைக்கக் கூடாது.”

வார்த்தை பிசகவில்லை. வரிசையும் பிசகவில்லை.

“மனப்பாடமா வெச்சிருக்கீங்க.”

“வாங்குறவங்க அத்தனை பேருக்கும் சொல்றதுதானே அக்கா. பாதிப் பேர் கேக்குறதில்ல. சலவைக் கட்டியைப் போட்டுட்டுச் சாயம் போச்சுன்னு சண்டைக்கு வர்றாங்க.”

“ஆமா,” என்றாள் முவத்தர். “இன்னிக்குக் காலையில கூட ஒருத்தங்க வந்தாங்க, என் கடைக்கு. மடியில கட்டி வெச்சுக்காம நிகினாவோட பின்னலை எடுத்து மேசை மேல வைங்க. நான் ஒரு மணி நேரத்துல வர்றேன். அதுவரைக்கும் ஒரு முடி வெளியே போகக் கூடாது.”

ஹாஷிமின் மடக்கிய விரல்கள் அப்படியே நின்றன. பிறகு அவர் மெதுவாகச் சொன்னார், ஐம்பத்தைந்து கிராம் காலையிலேயே தாஷ்கந்து வண்டியில் போய்விட்டது என்று.

பிற்பகல் 2.15.

முவத்தர் மஸ்தூராவைப் பின்கட்டுக்குக் கூட்டிப்போனாள். விறகு நனையாமல் இருக்கத் தகரம் போட்டிருந்த இடம். உள்ளே பெண்கள் பேசுவது மழைக்கு நடுவே விட்டுவிட்டுக் கேட்டது.

“பின்னல் இருக்கிற இடம் தெரிஞ்சிடுச்சு அக்கா. முழுசா இல்ல. முக்காவாசி. யாருன்னு கேக்காம இருந்தா இன்னும் நல்லது.”

“வாக்கு குடுத்திருக்கே.”

முவத்தர் சொன்னாள். எந்த ஷாம்பு எதற்கு என்று சொன்னாள். லோலா சொன்னது, தில்முராத் சொன்னது, ஹுமைரா செய்தது, ஹாஷிம் விரல் மடக்கியது எல்லாம் சொன்னாள். பெயர் மட்டும் சொல்லவில்லை. “திங்கட்கிழமை எங்கிட்ட ஒரு பாடம் ஒப்பிச்சீங்களே. அதை உங்களுக்கு யார் சொல்லிக் குடுத்தது?”

மஸ்தூரா வாயைத் திறந்தாள். அந்த வாக்கியத்தை அவள் திங்கட்கிழமையிலிருந்து பெருமையாக எல்லாரிடமும் சொல்லியிருப்பாள்; நாக்கு பழகியிருந்தது. என் மகன். இந்தத் தடவை சத்தம் வரவில்லை.

விறகுக் குவியலுக்கு அந்தப் பக்கம் இல்ஹாம் நின்றிருந்தான். எப்போது வந்தான் என்று தெரியவில்லை. மழையில் தோள் நனைந்திருந்தது.

“நீங்க சொல்ல வேண்டாம்மா. நான்தான்.”

மஸ்தூரா திரும்பவில்லை.

“எப்படியும் மண்ணுக்குள்ள போறதுதானேன்னு நெனச்சேன்,” என்றான். “அங்க சம்பளம் தராம துரத்திட்டாங்க. வந்து இறங்கின நாள்லேருந்து எல்லாரும் கேக்குறது ஒண்ணுதான், அக்காவுக்கு வருஷச் சோறு எப்போ, எத்தனை பேருக்குன்னு. உங்களைப் பார்த்துக் கேக்குறாங்க. நீங்க தலையைக் குனிஞ்சுக்கிறீங்க. நான் என்ன செய்றது? உங்களுக்காகத்தான்.”

“அவளை வித்து அவளுக்கே சோறு போட்டியா?”

அதற்குமேல் மஸ்தூரா அவனிடம் பேசவில்லை. அன்றும் பேசவில்லை, மறுநாளும் பேசவில்லை.

மாடு இன்னும் அறுபடவில்லை. இல்ஹாம் கசாப்புக்காரனிடம் போனான். ஐம்பது லட்சம் முன்பணத்தில் கசாப்புக்காரன், இரண்டு நாள் தீனி போட்ட கணக்கு என்று ஐம்பதாயிரத்தைப் பிடித்துக்கொண்டு மீதியைத் திட்டியபடி எண்ணிக் கொடுத்தான். அரிசியைத் திருப்ப முடியவில்லை. சாக்கைப் பிரித்துக் கழுவத் தொடங்கிவிட்டார்கள்.

மாலை 4.00.

ஹாஷிம் பின்னலை மேசை மேல் வைத்திருந்தார். பின்னலாக இல்லை, பிரித்துச் சீவி, மூன்று கற்றைகளாகக் கட்டியிருந்தது. மஸ்தூரா ஒரு கற்றையை எடுத்து முகர்ந்தாள். தலையசைத்தாள்.

போலீஸ் என்ற சொல்லை முவத்தர் ஒரு தடவை எடுத்துப் பார்த்தாள். ஹாஷிம் கும்பிடாத குறையாகப் பேசினார், ஆனால் அசையவில்லை. “தாராளமாப் போங்க அக்கா. யார் கொண்டாந்து குடுத்தாங்கன்னு முதல் கேள்வி கேப்பாங்க. நான் வியாபாரி, அபராதத்தோட போயிடும். அந்தத் தம்பிக்கு அப்படிப் போகாது.” பிறகு, தானும் பிள்ளைகுட்டிக்காரன், லாபம் வைக்கப்போவதில்லை என்று, வாங்கிய விலையையே போட்டார். நூற்று அறுபத்தைந்து கிராம். நாற்பத்தொன்பது லட்சத்து ஐம்பதாயிரம். கசாப்புக்காரன் கொடுத்ததில் ஒரு தாள் மிஞ்சவில்லை.

போலிப் பின்னலைத் திருப்பித் தரும்படி கேட்டார். அது பேரத்தோடு சும்மா கொடுத்ததாம்.

“அது என்கிட்டேயே இருக்கட்டும்,” என்றாள் மஸ்தூரா. “யார் வீட்டுப் பிள்ளைங்களோ. அதுங்களும் மண்ணுக்குப் போகட்டும்.”

வியாழக்கிழமை, காலை 8.30.

முவத்தர் கடை திறக்கும் முன்பே மஸ்தூராவின் வீட்டுக்குப் போனாள். பையிலிருந்து ஒரு புட்டியை எடுத்து வைத்தாள். கடையிலேயே மலிவானது. பின்பக்கத்தில் தண்ணீருக்கு அடுத்த பெயர் சல்ஃபேட், அதற்கு அடுத்ததும் சல்ஃபேட். தோல் மெல்லிய ஆளுக்கு அவள் அதை விற்கவே மாட்டாள்.

“இது உங்களுக்காகத் தேடி எடுத்தது அக்கா. இந்த முடிக்கு எதுவும் பயமில்ல. கழுவினாப் போறதுக்கு அதுல ஒண்ணுமே இல்ல.”

ஹுமைரா வெந்நீர் கொண்டுவந்தாள். மஸ்தூரா சட்டைக் கையை முழங்கை வரை மடித்துவிட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். நுரை பொங்கிக் கிண்ணத்தின் விளிம்பைத் தாண்டி அவள் மடியில் வழிந்தது. அவள் அவசரப்படவில்லை. காதுக்குப் பின்னால், பிடரியில், உச்சியில் என்று, இல்லாத தலையின் இடமெல்லாம் நினைவு வைத்துத் தேய்த்ததுபோல் நிதானமாகத் தேய்த்தாள். மூன்று தண்ணீர் ஊற்றினாள். மூன்றும் தெளிவாக ஓடின.

வெள்ளிக்கிழமை.

விடிகாலையில் முந்நூறு பேர் வந்தார்கள். தட்டில் இறைச்சி இல்லை. கொண்டைக்கடலையும் உலர்ந்த திராட்சையும் போட்ட புலாவ். மூதாதையர் காலத்திலிருந்து கோகந்தில் இப்படி ஒரு ஃபாத்திஹா நடந்ததில்லை என்று தெருமுனை வரை பேச்சு போனது. மகன் கஞ்சன் என்றார்கள். மஸ்தூரா மறுக்கவில்லை; அதைவிடக் கெட்ட பெயர் அவனுக்கு வராமல் பார்த்துக்கொண்டாள்.

ஆண்கள் எழுந்ததும் அவள் வெள்ளைத் துணி முடிச்சை இல்ஹாமின் இரண்டு கைகளிலும் வைத்தாள். அவன் அதை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு மழையில் இறங்கினான். தில்முராத் மண்வெட்டியோடு பின்னால் போனான்.

முவத்தர் கடைக்குத் திரும்பியதும், லோலா ஒரு வருஷத்துக்கும் முன்னால் எடை எழுதிக் கொடுத்த துண்டுச் சீட்டைப் பிரித்தாள். புதன்கிழமை பின்னலோடு கொண்டுவந்த அதை மஸ்தூரா முவத்தரிடமே விட்டிருந்தாள். அடியில் பென்சிலால் எழுதினாள். வெட்டியது இருநூற்று இருபது. புதைத்தது நூற்று அறுபத்தைந்து. மாட்டுத் தீனிக்குப் போன ஐம்பதாயிரம், முடிக் கணக்கில் ஒன்றேமுக்கால் கிராமுக்கும் குறைவு. மீதி ஐம்பத்துமூன்று கிராம் சொச்சத்தை முந்நூறு பேர் பகிர்ந்து சாப்பிட்டுவிட்டு, இறைச்சி இல்லை என்று குறை சொல்லிக்கொண்டு போனார்கள். கோடு கிழித்து, கீழே பாக்கி ஐம்பத்தைந்து என்று போட்டாள்.